இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்

வெளிநாட்டுப் பயணத்துக்கான மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். முதல் பக்கத்தில் ஒரு குடும்பம் கடற்கரையில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும். எந்தெந்த வியாதி வந்தால் அந்தச் சிரிப்பு செல்லாது என்பது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நான் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பேன். யார் வந்து யோசனை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

நேற்று நீங்கள் என் வீட்டுக்கு வந்து, அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, நாலு வெள்ளைத்தாளை மேசைமேல் வைத்து, "நடந்ததை நடந்தபடி உங்க கைப்பட எழுதிக் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். காப்பீட்டுக் கம்பெனியின் விசாரணை அதிகாரி என்றால் அதட்டி உருட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடித்தீர்கள். அந்த மரியாதைக்காகவே ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவன் நான். நூறு நாற்காலி வந்து இறங்கினால் அதில் ஒன்றை எடுத்து உடைப்பேன். இதுதான் உத்தியோகம். மணல் மூட்டையை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போய், எத்தனையாவது மூட்டையில் கால் விரிகிறது என்று சீட்டில் குறிப்பேன். உடைந்ததற்காக நான் வருத்தப்பட்டது கிடையாது. அது ஒன்று உடைந்ததால்தான் மற்ற தொண்ணூற்றொன்பதிலும் ஜனங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு ஒரே மகள். வெளிநாட்டில் இருக்கிறாள். தலைப்பிரசவம். படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகனுக்கு ஷிப்ட் வேலை. "அம்மா, நீ வந்தே ஆகணும்மா" என்று தினமும் போன். என் மனைவிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. சர்க்கரையும் உண்டு. போகத்தான் அவளுக்கும் ஆசை, ஆனால் பயம். எங்கள் தெருத் தையல்காரரின் அம்மா இப்படித்தான் மகனைப் பார்க்கப் போன இடத்தில் விழுந்தார். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதை விண்ணப்பத்தில் எழுதவில்லை என்று சொல்லிக் கம்பெனி கையை விரித்துவிட்டது. தையல்காரர் இப்போது வேறொருவர் கடையில் பட்டன் தைக்கிறார்.

"நான் போகலீங்க. அங்க போய் நான் விழுந்துட்டா அவ பிள்ளையைப் பார்ப்பாளா, என்னைப் பார்ப்பாளா?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, மகளுக்காகப் பின்னிக்கொண்டிருந்த குட்டிச் சட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நம்பகமான ஒரு கம்பெனியை நானே கண்டுபிடித்துத் தருகிறேன், அதுவரைக்கும் கவலைப்படாதே என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுத்தால் நான் காப்பாற்றுகிறவன்.

ஒரு மாதம் வேறு வேலையே பார்க்கவில்லை. ஆறு கம்பெனிப் பத்திரங்களையும் பரப்பிவைத்துப் படித்தேன். இணையத்தில் ஜனங்கள் எழுதிய கருத்துகளைப் படித்தேன். அதில் பிரயோஜனம் இல்லை. நோய் வராதவன் அஞ்சு நட்சத்திரம் போடுகிறான். நோய் வந்து செத்தவன் ஒன்றும் எழுதுவதில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கம்பெனியின் அவசர எண்ணுக்கும் வெவ்வேறு நேரத்தில் போன் செய்து, எத்தனை நிமிஷத்தில் எடுக்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு கம்பெனி நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டது. இன்னொன்றில் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சொல்லிக் கடைசியில் கால்நடை இன்சூரன்ஸ் பிரிவில் கொண்டுபோய் விட்டார்கள். உங்கள் கம்பெனி சராசரியாக ஒன்பது நிமிஷம் எடுத்துக்கொண்டது. இருந்ததில் அதுதான் தேவலாம்.

உங்கள் ஏஜெண்டைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "நூத்துக்கு நூறு நம்பலாம் சார். என் சொந்த அம்மாவுக்கே இதைத்தான் போட்டிருக்கேன்" என்றார்.

"அம்மாவுக்கு வெளிநாட்டில் ஏதாவது ஆயிற்றா?" என்று கேட்டேன்.

"சேச்சே, ஒண்ணும் ஆகல சார். கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்காங்க."

அப்படியென்றால் அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு பொருள் தாங்குமா தாங்காதா என்பதை, அதன்மேல் பாரம் ஏற்றாமல் யாராலும் சொல்ல முடியாது. இதை நான் மனைவியிடம் சொன்னபோது, "அதுக்காக யாரையாவது கொண்டுபோய்த் தள்ளிவிட்டா பார்க்க முடியும்?" என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான்தான் அதை யோசித்துப் பார்த்தேன்.

என் மச்சானைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே விசாரித்திருப்பீர்கள். மனைவிக்கு அண்ணன். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் எல்லோரும் விசில் வாத்தியார் என்பார்கள். அறுபத்தைந்து வயசிலும் மாத்திரை என்று ஒன்றை வாயில் போட்டதில்லை. தினமும் காலையில் பல் தேய்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் இருபது தரம் ஏறி இறங்குவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கள் நாற்காலியில் ஏறுவார். ஏறுவதற்கு முன்னால் அதைத் தட்டிப் பார்த்து, "இது மாப்பிள்ளை பாஸ் பண்ணதா? அப்ப எனக்கு உயிர்மேல ஆசை இருக்குப்பா" என்பார். விசேஷ வீடுகளில் என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகப்படுத்துவதும் அவர்தான். "எங்க மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் தெரியுமா? நல்லா இருக்கிறதை உடைக்கிறது. அதுக்குச் சம்பளம் வேற." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முப்பது வருஷம் சிரித்திருக்கிறேன். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டது கிடையாது.

அவருக்கு எட்டு நாள் வெளிநாட்டுச் சுற்றுலா ஒன்றை, ஓய்வு பெற்றபோது கொடுக்காமல் விட்ட பரிசாகக் கொடுத்தேன். துணைக்கு நானும் போனேன். காப்பீடு உங்கள் கம்பெனியில், என் மனைவிக்காகப் பார்த்துவைத்திருந்த அதே திட்டத்தில் எடுத்தேன். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. "மாப்பிள்ளை கையிலேர்ந்து காசு வருதா, இன்னைக்கு மழைதான்" என்று ஊரெல்லாம் சொன்னார்.

முதல் மூன்று நாள் நன்றாகச் சுற்றிப் பார்த்தோம். அவரும் பார்க்க வேண்டுமல்லவா, பரிசு என்று கொடுத்த பிறகு. நாலாம் நாள் காலையில், அவர் குளியலறைக்குள் போனதும், விடுதி அறையில் இருந்த மரநாற்காலியைக் கவிழ்த்துப் பின்கால்கள் இரண்டின் திருகாணிகளையும் தளர்த்தினேன். நகவெட்டியின் முனை போதும். எத்தனை சுற்றுத் தளர்த்தினால் அவருடைய எடைக்கு எத்தனையாவது ஏற்றத்தில் விடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஏழு என்று வந்தது.

பிறகு அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். விழுவதற்கு முன்னாலேயே ஏன் செய்தீர்கள் என்று நீங்கள் ஆச்சரியப்பட்டீர்கள். யோசித்துப் பாருங்கள். ஒன்பது நிமிஷம் பாட்டுப் போடுவார்கள். விழுந்த பிறகு போன் செய்தால் அந்த ஒன்பது நிமிஷமும் மச்சான் தரையில் வலியில் கிடக்க வேண்டும். பெரிய மனுஷரை அப்படிப் போட்டுவைக்க எனக்கு மனசு கேட்கவில்லை. முன்கூட்டியே செய்துவிட்டால் பாட்டு முடிவதற்கும் அவர் விழுவதற்கும் சரியாக இருக்கும்.

அன்றைக்கென்று பார்த்து இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

அதுவும் நம் மொழியிலேயே பேசும் பெண். நான் சற்றுத் தடுமாறினேன், ஒப்புக்கொள்கிறேன். போனை வைத்திருக்கலாம். ஆனால் மறுபடி செய்தால் ஒன்பது நிமிஷமா நாற்பதா என்று யாருக்குத் தெரியும். என் மச்சான் நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டார் என்றேன். மீதியை நேற்று நாம் சேர்ந்தே கேட்டோம். நினைவு இருக்கிறதா என்று அவள் கேட்கிறாள். இருக்கிறது என்கிறேன். வலி எப்படி என்கிறாள். இப்போதைக்கு இல்லை என்கிறேன். பேசுகிறாரா என்கிறாள். பாடிக்கொண்டிருக்கிறார் என்கிறேன். அதிர்ச்சியில் சிலர் அப்படிச் செய்வார்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் பதினோரு நிமிஷத்தில் வரும் என்கிறாள். அந்த இடத்தில்தான் பின்னாலிருந்து மச்சானின் குரல் கேட்கிறது.

"மாப்பிள்ளை, யார்கிட்ட பேசுறீங்க? டீ சொல்றதா இருந்தா எனக்கும் ஒண்ணு சொல்லுங்க!"

நீங்கள் அந்த இடத்தை மூன்று தரம் போட்டீர்கள். ஒரு தரமே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது ஒலிப்பதிவில் இல்லை. மச்சான் வெளியே வரவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. வந்தவர் நாற்காலிப் பக்கம் போகாமல் சட்டையை எடுத்து மாட்டினார். "இன்னைக்கு எக்சர்சைஸ் வேணாம் மாப்பிள்ளை. டூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு. அந்த கைடு நேத்தே மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தான்" என்றார். இருபது வருஷத்தில் ஒரு நாளும் விட்டதில்லை, அன்றைக்கு விடுகிறேன் என்கிறார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு டீ சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறிப் போயிருக்கலாம். அதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. அவசர வண்டியை வீணாக அலையவிடுவது தப்பு. வேறு யாராவது உண்மையான நோயாளிக்குத் தேவைப்பட்டிருக்கும்.

"பரவாயில்லை மச்சான். உங்களுக்கும் வயசாகுதுல்ல" என்றேன்.

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டார். "யாருக்கு வயசாகுது? எண்ணுங்க மாப்பிள்ளை" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் எண்ணினேன். ஆறாவதில் விட்டது. என் கணக்கில் ஒன்று பிசகியிருக்கிறது. மூன்று நாளாக விடுதியின் காலை உணவில் அவர் இரண்டு பங்கு சாப்பிட்டு ஏறிய எடையைச் சேர்க்க மறந்துவிட்டேன். இடுப்பெலும்பு முறிந்தது. நான் அவர் தலைக்குத் தலையணை வைப்பதற்குள் வாசலில் சைரன் கேட்டது.

உங்கள் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று பார்ப்பதற்காக, அட்டையை என் காலுறைக்குள் இரண்டு மணி நேரம் வைத்திருந்தேன். பெயரையும் பிறந்த தேதியையும் வைத்தே சேர்த்துக்கொண்டார்கள். வலிக்கான ஊசிக்கு அனுமதி வர இருபத்திரண்டு நிமிஷம். அதில் மட்டும் ஒரு மதிப்பெண் குறைத்தேன். மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். "மாப்பிள்ளை, உங்களை எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கேன். நீங்க மட்டும் இல்லேன்னா இந்த ஊர்ல நான் அநாதையாப் போயிருப்பேன்" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அது பொய்யில்லை.

அறுவை முடிந்த ஐந்தாம் நாள் டாக்டர் வந்து, மச்சான் வேகமாகத் தேறிவிட்டார், சாதாரண இருக்கையில் உட்கார்ந்தே ஊருக்குப் போகலாம் என்றார். இதில் எனக்கு ஒரு சிக்கல். நோயாளியைப் படுக்கையோடு விமானத்தில் அழைத்துவருவது என்று உங்கள் பத்திரத்தில் ஒரு பிரிவு உண்டு. என் மனைவிக்கு ஏதாவது என்றால் அதுதான் முக்கியமாகத் தேவைப்படும். அதைச் சோதிக்காமல் திரும்புவது அரைகுறை வேலை. காலை ஊன்றவே கூடாது என்று மச்சானிடம் சொல்லியிருந்தார்கள். நான் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்த வார்டில் உங்களைவிட மூத்த ஒருவர் நேற்றே நடந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். அன்று மாலையே படுக்கை வசதிக்கு அனுமதி வந்துவிட்டது. விமானத்தில் ஆறு இருக்கைகளை மடக்கி இடம் செய்து கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து, "இந்தக் கம்பெனியை நம்பலாம்" என்று மனைவியிடம் சொன்னேன். அடுத்த கம்பெனியையும் பார்த்துவிட்டால் ஒப்பிட வசதியாக இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்றார். சிலருக்குத் தலையெழுத்தை நல்ல மசியில் எழுதியிருக்கிறார்கள். சரி, ஒன்றே போதும் என்று விட்டுவிட்டேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். மச்சான்தான் படுக்கையில் கிடந்தபடியே உங்கள் தலைமை அலுவலகத்துக்கு நன்றிக் கடிதம் எழுதிவிட்டார். "நான் விழுந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இப்படி ஒரு சேவையை உலகத்திலேயே பார்த்ததில்லை" என்று. வேறு கம்பெனியாக இருந்தால் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பார்கள். உங்கள் கம்பெனியில் யாரோ அதைப் படித்துவிட்டு, அதெப்படி முடியும் என்று ஒலிப்பதிவை எடுத்துக் கேட்டிருக்கிறார்கள். நல்ல கம்பெனி என்று நான் சொன்னதில் தப்பில்லை.

நீங்கள் நேற்று, இரண்டு பேரும் சேர்ந்து செய்த மோசடிதானே இது, ஆஸ்பத்திரிக்குக் கொடுத்ததை எல்லாம் மச்சானிடமிருந்தே வசூலிப்போம் என்றீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பிரிவு பதினான்கைப் பாருங்கள். காப்பீடு எடுத்தவர் தெரிந்தே தனக்குச் செய்துகொண்ட காயத்துக்குத்தான் பணம் கிடையாது. இன்னொருவர் அவருக்குச் செய்த காயத்துக்கு உண்டு. மச்சானுக்கு எதுவும் தெரியாது. அவர் டீ கேட்டதே அதற்குச் சாட்சி. திருகாணியைத் தளர்த்தியது நான். ஏறவைத்தது நான். ஆஸ்பத்திரியில் எழுந்து நிற்கவைத்ததும் நான்தான். எனக்கு வருகிற தண்டனை வரட்டும். அவருடைய கிளெய்மில் கை வைக்காதீர்கள். இந்தப் பிரிவிலும் பத்திரத்தில் சொன்னபடி நடந்துகொண்டால் என் சீட்டில் எல்லாக் கட்டமும் நிறைந்துவிடும்.

மனைவி நேற்று நீங்கள் இருந்தபோது கதவருகே நின்று முழுசும் கேட்டாள். நீங்கள் போனதும் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். இன்று காலையில் தானே ஒரு ஏஜெண்டைக் கூப்பிட்டு, பத்து நிமிஷத்தில் காப்பீடு எடுத்துவிட்டாள். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டதே, அந்தக் கம்பெனியில்.

"அவங்க போனையே எடுக்க மாட்டாங்களே" என்றேன்.

"பரவால்லீங்க. அங்க எனக்கு எதுவும் ஆகாது. நீங்க இங்கதானே இருப்பீங்க" என்றாள்.

பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, கணக்குத் தெரியாத பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள். "எனக்கு நெஞ்சுல கோளாறு. எங்கண்ணனுக்கு இரும்பு மாதிரி உடம்பு. அவர் இடுப்பு ஒடிஞ்சதுக்குக் குடுத்தாங்கன்னா என் நெஞ்சுவலிக்கும் குடுப்பாங்கன்னு எப்படிங்க தெரியும்? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க. சோறு அதே பானையில இருந்து எடுக்கணும்ல?"

அவள் கேட்டது நியாயம்தான். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பணம் வருமா என்பதுதான் எங்கள் கவலையே. அதைப் பற்றி மச்சானின் இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. தாள் முடியப்போகிறது, ஆகவே அதையும் எழுதிவிடுகிறேன். என் சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், இதே ஊரில்தான் இருக்கிறார். நெஞ்சில் ஸ்டென்ட், சர்க்கரை, மாத்திரைகூட அவள் சாப்பிடுகிற அதே மாத்திரை. பாஸ்போர்ட்டும் தயாராக இருந்தது. கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கிளம்பியிருப்பார். சோதனை என்று பார்த்தால் அவர்தான் சரியான ஆள் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். ஆனால் அவரை அழைத்துப்போக மனசு வரவில்லை. அவர் நல்ல மனிதர். ஒரு நாள்கூட என்னைக் கேலி செய்தது கிடையாது.